நலம் குறைந்த குட்டிகளுக்கு மட்டும்

ஒரு காட்டில் ஒரு கபடிக் களம் இருந்தது. காட்டில் சிங்கம் இருக்கும், நரி இருக்கும், கபடிக் களம் எப்படி இருக்கும் என்று குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் கதையை முடிக்க வேண்டும். குளம் வற்றினால் அடியில் மணல் கிடக்கும் அல்லவா, அந்த மணலில் வாலால் ஒரு கோடு கிழித்தால் களம். அவ்வளவுதான்.

கோட்டைக் கிழித்தவள் ராக்காயி என்ற உடும்பு. வயது கொஞ்சம் ஆகிவிட்டது, பிடி மட்டும் தளரவில்லை. ஒருமுறை ஒரு காட்டுப்பன்றியின் காலைத் தெரியாமல் பிடித்துவிட்டாள். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இவளும் அந்தக் காலோடு கல்யாணத்துக்குப் போய் வந்தாள். காட்டிலுள்ள இருபத்து மூன்று குட்டிகளுக்கும் இவள்தான் கோச். குட்டிகள் கோச்சக்கா என்று கூப்பிடும். சம்பளம் கிடையாது. சாயங்காலம் வருவாள், கத்துவாள், போவாள்.

அந்த இருபத்து மூன்றில் ஒருத்தி பவுனு. அழுங்குக் குட்டி. அழுங்கு என்றால் உடம்பெல்லாம் செதில் வைத்து, எறும்பு தின்று, பயந்தால் தேங்காய் மாதிரி உருண்டுகொள்ளுமே, அது. இரண்டு வருஷத்துக்கு முன் கோடையில் காடு தீப்பிடித்தது. அதில் பவுனுவின் அம்மா போய்விட்டாள். அன்றைக்குச் சுருண்ட பிள்ளை விரியவே இல்லை. அப்பா வெள்ளைச்சாமி அவளை ஒரு கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் அலைந்தான். கரடி வைத்தியர் தேன் தடவிப் பார்த்தார். மயில் ஆடிப் பார்த்தது. குயில் பாடிப் பார்த்தது, பிறகு தனக்கே அழுகை வந்து நிறுத்திக்கொண்டது.

கடைசியில் அவளை விரிய வைத்தது வைத்தியமும் இல்லை, பாசமும் இல்லை. கோபம். ஒருநாள் வெள்ளைச்சாமி கூடையைக் களத்து ஓரம் வைத்துவிட்டு வாய் நனைக்கப் போனான். குட்டிகள் கூடைக்குள் எட்டிப் பார்த்தன. உள்ளே உருண்டையாக ஒன்று. உருண்டையாக எதைப் பார்த்தாலும் குட்டிகளுக்கு ஒரே யோசனைதான் வரும். இரண்டு உதை விட்டார்கள், மூன்று தரம் உருட்டினார்கள். அடுத்த உதைக்கு அந்த உருண்டை படக்கென்று விரிந்து எழுந்து நின்று, "நான் ஒண்ணும் பந்து இல்ல" என்றது. ஒன்பது மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். பேசின சூட்டோடு, உதைத்த முயல்குட்டியைத் துரத்திப்போய்த் தொட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

ராக்காயி பார்த்தாள். "ஒரு பாயிண்ட்" என்றாள்.

அன்றிலிருந்து பவுனுவைக் களத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புவதுதான் பெரும்பாடு. எதிரணி அமுக்கிப் பிடித்தால் சுருண்டு, உருண்டு, கோட்டைத் தொட்டுவிடுவாள். அது செல்லுமா செல்லாதா என்று நரிக்குட்டி இன்னும் வழக்கடித்துக்கொண்டிருக்கிறது. அது கிடக்கட்டும்.

சிக்கல் மழையில் இருந்தது. ஐப்பசி பிறந்தால் குளம் நிறையும், களம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். போன மழைக்காலத்தில் மூன்று மாதம் ஆட்டம் இல்லை. மூன்று மாதமும் பவுனு சுருண்டே கிடந்தாள். தை மாதம் அவளை மறுபடி விரிய வைப்பதற்குள் எல்லோருக்கும் தாவு தீர்ந்துவிட்டது. கரடி வைத்தியர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு மழைக்காலம் இப்படிக் கெடந்தா செதில் ஒண்ணோட ஒண்ணு இறுகிரும். அப்புறம் பிள்ளை விரியாது. நான் பொறுப்பில்ல." வைத்தியர் எப்போது பொறுப்பேற்றார் என்பது வேறு விஷயம். ஆனால் அதற்குப் பிறகு வெள்ளைச்சாமி எறும்பு தின்பதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டான்.

வேண்டியது ஒன்றே ஒன்று. குளத்துக்கு மேற்கே ஒரு மேடு இருந்தது. அந்த மேட்டில் ஒழுகாத ஒரு கூரை. ஐப்பசிக்கு முன்னால் வேண்டும்.

இப்படி இருக்கும்போது ஆவணி மாதத்தில் ஒருநாள், கானக நல வாரியத்தின் மைனா மரம் மரமாகப் பறந்து அறிவித்தது. விளையாட்டின் வழியே குட்டிகளின் நலத்தை மேம்படுத்தும் திட்டங்களுக்கு நிதி உதவி வழங்கப்படும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அறிவிப்பு வந்தது வியாழக்கிழமை மாலை.

ராக்காயி ஆலமரத்தடிக்கு ஓடினாள். அங்கே ஒரு பெரிய வரிசை. முதல் ஆளாக ஆமை நின்றது. சீக்கிரம் வந்துட்டீங்களே என்று விசாரித்தால், அது போன வருஷத் திட்டத்துக்குக் கிளம்பினதாம்.

படிவம் பதினான்கு பக்கம். மூன்று நகல் வேண்டும் என்றார்கள். நகல் கடையில் கிளி உட்கார்ந்திருந்தது. படிவத்தை வாங்கி மூன்று தடவை உரக்க வாசித்துவிட்டு, "ஆச்சு, அடுத்த ஆள்" என்றது. அப்புறம் பச்சை மசியில் அதிகாரி கையெழுத்து. காட்டில் பச்சையாகக் கையெழுத்துப் போடும் தகுதி பச்சோந்தி ஒருவருக்குத்தான் உண்டு. ராக்காயி போன நேரம் அவர் சருகு மேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்குப் பழுப்பும்மா. நாளைக்கு வாங்க" என்றார்.

ராக்காயி அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய் வாழையிலை மேல் உட்கார வைத்தாள். கையெழுத்து ஆனது.

படிவத்தில் கேட்டிருந்ததெல்லாம் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். விளையாட்டினால் விளையும் பயன் யாது, இருநூறு சொற்களுக்கு மிகாமல் எழுதுக என்று ஒரு கேள்வி. ராக்காயி 'விளையாடுறது' என்று ஒரே சொல்லை எழுதினாள். முப்பத்தொன்றாவது கேள்வி, நிதி வழங்கும் விழா நடத்த மேடான, வசதியான இடம் உண்டா என்று. கை ஓய்ந்துபோய், 'குளத்துக்கு மேற்கே மேடு இருக்கு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நாளில் வாரியத்திலிருந்து நேராய்வுக்கு ஆள் வந்தார். சபாபதி என்ற கொக்கு. வெள்ளை வெளேரென்ற உடுப்பு, கக்கத்தில் கோப்பு, கையில் செல்போன். செல்போனில் நலமானி என்று ஓர் ஆப். குட்டியின் முகத்துக்கு நேரே காட்டினால் பத்துக்கு எத்தனை நலம் என்று எண் காட்டும். சார் களத்து ஓரம் ஒற்றைக்காலில் நின்று இருபத்து மூன்று குட்டிகளையும் அளந்தார். அளந்து முடித்தபோது அவர் முகம் வாடிப்போயிருந்தது.

"ஒன்பதரை வருது" என்றார்.

"சந்தோஷம் சார்" என்றாள் ராக்காயி.

"சந்தோஷம்தான்மா பிரச்னை. நல்லா இருக்கறவங்களை வாரியம் எங்கேருந்து மேம்படுத்தும்? நாலுக்குக் கீழே இருந்தாத்தான் தகுதி. ஆறாவது விதி போட்டிருக்கோமே, நலம் குறைந்த குட்டிகளுக்கு மட்டும்னு."

ராக்காயி பவுனுவைக் காட்டினாள். தீ, அம்மா, போன மழைக்காலம், வைத்தியர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். கொக்கு பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் குறை சொல்லவே முடியாது.

"அப்ப மழை வந்து, களம் முழுகி, பிள்ளை சுருண்டப்புறம் விண்ணப்பியுங்க. தாராளமா குடுப்போம்."

"சுருண்டா விரியாதுன்னு சொல்றார் சார் வைத்தியர்."

"அப்படின்னா முன்னுரிமையே உண்டு" என்றார் கொக்கு. அவர் மனசுக்குக் கெட்டவர் இல்லை. போகும்போது குரலைத் தாழ்த்தி, "இருபது நாள் கழிச்சு மறு ஆய்வுக்கு வர்றேன். அதுக்குள்ள கொஞ்சம் பார்த்துக் குறைச்சு வையுங்க" என்று ஒரு யோசனையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ராக்காயி குட்டிகளை உட்கார வைத்தாள். "எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போடுங்க பார்ப்போம்" என்றாள்.

தொங்கப் போட்டார்கள். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, கழுதைப்புலிக் குட்டி களுக்கென்று சிரித்துவிட்டது. அதற்குப் பிறவியிலேயே அப்படி. "நீ அவுட்" என்றது முயல். அவ்வளவுதான், ஆட்டம் பிறந்துவிட்டது. யார் கடைசிவரை சிரிக்காமல் இருக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். மறுநாள் அணி பிரித்தார்கள். அதற்கடுத்த நாள் நரிக்குட்டி விதி எழுதியது, உதடு கோணினால் அரைப் பாயிண்ட். பவுனு எதிரணிக்கு முன்னால் போய் நின்று யானை மாதிரி நடந்து காட்டுவாள், அந்தப் பக்கம் நாலு பேர் ஒரே நேரத்தில் அவுட். இருபதாம் நாள் கொக்கு வந்து அளந்தால், பத்துக்குப் பத்து.

"என்னம்மா இது, கூடிப்போச்சு?"

"நான் சோகப்படத்தான் சார் சொல்லிக் குடுத்தேன்."

"அடுத்த வாரம் ஒருதடவை வர்றேன். அதான் கடைசி."

அன்றைக்குச் சாயங்காலம் ராக்காயி வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போனாள். ஓரமாகக் கிடந்த கூடையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "நடிச்சா ஆகாது தம்பி. நெசமாவே ஆட்டத்தை நிறுத்தணும். ஒரு வாரம்."

"பிள்ளை சுருண்டுட்டா?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

வெள்ளைச்சாமி வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான். "ஒரு வாரம்தானக்கா. மழைக்கு முன்னாடி கூரை வந்துருச்சுன்னா அப்புறம் எந்தக் காலத்துக்கும் சுருள வேண்டாமே" என்றான். அவனுக்கும் அது சரியென்று படவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. நமக்கெல்லாம் தெரிந்த நிலைதான்.

மறுநாள் ராக்காயி தான் கிழித்த கோட்டைத் தன் வாலாலேயே அழித்தாள். குட்டிகளிடம் ஒரு வாரம் ஆட்டம் இல்லை என்று மட்டும் சொன்னாள். முதல் நாள் பவுனு வந்து, கோடு இருந்த இடத்தில் நின்றுவிட்டுப் போனாள். இரண்டாம் நாளும் வந்தாள். மூன்றாம் நாள் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். நாலாம் நாள் வெள்ளைச்சாமி கூடையை எடுத்துக்கொண்டு வந்து அவளைத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. ராக்காயி அன்றைக்குப் புற்றுக்குள் போய் அழுதாள். தன் கையாலேயே பிள்ளையைக் கெடுத்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கொக்கு சொன்ன நாளில் வந்தார். குட்டிகளை அளந்தார், இரண்டு. கூடைக்குள் செல்போனை நீட்டினார், பூஜ்யம்.

"பிரமாதம்மா" என்றார் கொக்கு. நிஜமாகவே மகிழ்ந்துபோனார். "இப்படி ஒரு விண்ணப்பத்தை நான் பார்த்ததே இல்லை." கூடையைப் பல கோணங்களில் படம் எடுத்தார். அதற்கு 'முன்' என்று பெயர். 'பின்' படம் திட்டம் முடிந்ததும் எடுப்பார்களாம்.

"சார், நிதி கெடைச்சாச்சுன்னா நாளைக்கே ஆட ஆரம்பிக்கலாம்ல?"

கொக்கு பதறிப்போனார். "தொடக்கி வைக்கறதுக்கு முன்னாடி ஆடக் கூடாதும்மா. ஆடி, நலம் கூடிப் போச்சுன்னா நாங்க எழுதின கணக்கெல்லாம் தப்பாயிடும். விழா ஐப்பசி ஒண்ணாந்தேதி. மேடு இருக்குன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க, அங்கேயே வச்சுக்கலாம்."

வாரியத் தலைவர் யானை. எழுபது வயது, கண் பார்வை மங்கல், சளித் தொந்தரவு வேறு. தலைவர் ஐயா தலையில் ஒரு சொட்டு விழக் கூடாது என்று மேலிட உத்தரவு. நானூறு தூக்கணாங்குருவிகள் ராப்பகலாக மேட்டில் பந்தல் பின்னின. யானை நிமிர்ந்து நடக்கும் உயரம், யானையோடு வரும் கூட்டம் உட்காரும் அகலம். தரையெல்லாம் பாசிக் கம்பளம். முகப்பில் வளைவு. ராக்காயி ஒரு மூலையில் பாசியை ஒதுக்கி, ஆட்டத்துக்கென்று கோடு கிழித்து வைத்தாள். அதற்கே மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

விழா நாளும் வந்தது. பயனாளிகள் இருபத்து மூன்று பேரும் தலை எண்ணிக்கைக்கு இருந்தாக வேண்டும் என்பதால் வெள்ளைச்சாமி கூடையோடு வந்தான். கூடை பதினாறு நாளாகப் பேசவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

இந்த இடத்தில் அழைப்பிதழைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு எல்லா வருஷமும் ஒரே அழைப்பிதழ்தான், தேதியை மட்டும் மாற்றுவார்கள். முதல் வருஷம் நிதி கால்பந்துக்குப் போயிற்று. அதில் 'தலைவர் பந்தை உதைத்துத் தொடக்கி வைப்பார்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி அப்படியே நின்றுவிட்டது. போன வருஷம் நீச்சலுக்குக் கொடுத்தபோதும் தலைவர் ஆற்றங்கரையில் ஒரு பந்தை உதைத்துவிட்டுத்தான் போனார்.

"பந்து எங்கேம்மா?" என்றார் கொக்கு.

"கபடிக்கு ஏது சார் பந்து?"

"அழைப்பிதழ்ல இருக்கே."

"அழைப்பிதழ மாத்துங்க சார்."

கொக்கு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். தலைவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றுகொண்டிருந்தார். பின்னால் மான்கள் கைதட்டக் காத்திருந்தன. அந்த நேரம் பார்த்து முகப்பில் நெரிசல். யாரோ இடித்ததில் வெள்ளைச்சாமியின் கை நழுவிக் கூடை சாய்ந்தது. பவுனு வெளியே விழுந்தாள். தரை லேசான சரிவு. உருண்டாள், கோட்டைத் தாண்டினாள், நேராகப் போய்த் தலைவரின் காலடியில் நின்றாள்.

"ஆங், பந்து வந்துடுச்சு" என்றார் கொக்கு, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

தலைவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்றேனே. உருண்டையாக ஒன்று தெரிந்தது, காலைத் தூக்கினார். ராக்காயி கூட்டத்துக்குள் புகுந்து ஓடி, பாய்ந்து, தூக்கிய அந்தக் காலை இறுகப் பிடித்தாள். உடும்பு பிடித்தது பிடித்ததுதான். தலைவரால் காலை உதைக்கவும் முடியவில்லை, கீழே ஊன்றவும் முடியவில்லை. கால் அந்தரத்தில் நின்றது. அதன் நிழல் பவுனுவின் மேல் விழுந்தது.

உருண்டையிலிருந்து கறகறவென்று ஒரு சத்தம் வந்தது. ஒரு செதில் தூக்கியது, இன்னொன்று தூக்கியது. ஒரு மூக்கு வெளியே வந்து மேலே பார்த்தது.

"நான் ஒண்ணும் பந்து இல்ல" என்றாள் பவுனு.

பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். கோடு கண்ணில் பட்டது. தான் அந்தப் பக்கம் நிற்பதும், எதிராளி மூன்று காலில் தடுமாறுவதும் தெரிந்தது. கபடி கபடி கபடி என்று மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டே, ஊன்றிய கால்களில் ஒன்றை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஓடிக் கோட்டைத் தாண்டி வந்து அப்பன் மேல் மோதி நின்றாள். வெள்ளைச்சாமி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

"ஐயா அவுட்" என்றாள் ராக்காயி, அந்தரத்துக் காலில் தொங்கியபடியே.

கூட்டம் நடுங்கியது. தலைவர் யோசித்தார். "அவுட்டானா என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"கோட்டுக்கு வெளியே போய் உட்காரணும். உங்க பக்கம் ஒரு பாயிண்ட் எடுத்தா மறுபடி உள்ளே வரலாம்."

தலைவர் அப்படியே போய் உட்கார்ந்தார். "நாற்பது வருஷமா எல்லா ஆட்டத்தையும் தொடக்கி வைக்கறேன்" என்றார். "ஒருத்தரும் என்னைச் சேர்த்துக்கிட்டதில்ல." மாலைவரை அவர் பக்கம் யாரும் பாயிண்ட் எடுக்கவில்லை. ஆகையால் ஒன்றரை மணி நேரத் தலைமையுரை நடக்கவில்லை. அன்றைக்கு விழாவுக்கு வந்தவர்கள் இன்றும் பவுனுவைக் கண்டால் கும்பிடுகிறார்கள்.

கடைசியில் காசோலை கொடுத்தார்கள். தேக்கிலைகளைத் தைத்துச் செய்த ஆள் உயரக் காசோலை. ராக்காயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தொகை எங்க சார்?"

"விழாச் செலவு போக மீதின்னு ஆணையில இருக்கும்மா" என்றார் கொக்கு. "இந்தப் பந்தலுக்கே எல்லாம் போயிடுச்சு. வழக்கமா அப்படித்தான்."

ராக்காயி அண்ணாந்து பந்தலைப் பார்த்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. குளம் நிறைய ஆரம்பித்தது. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வாரியத்தின் மதிப்பீட்டு அறிக்கை பிறகு வெளியானது. பூஜ்யத்திலிருந்த ஒரு குட்டி, தலைவர் காலை ஓங்கிய ஒரே கணத்தில் பத்துக்கு வந்துவிட்டது என்று கண்டறிந்திருந்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து காடு முழுக்கக் குட்டிகளை உருண்டையாக உட்கார வைத்துத் தலைவர் காலை ஓங்கும் திட்டம் வரப்போகிறது. விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன, ஆமை கிளம்பிவிட்டது.

கார்த்திகையில் கொக்கு குடை பிடித்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார். பந்தலுக்குள் இரண்டு அணியும் புழுதி பறக்க ஆடிக்கொண்டிருந்தன. சாரல் அடிக்கும் பக்கத்தில் காசோலையைத் தட்டியாகக் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பவுனு மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போக, மறுபக்கம் ராக்காயி கத்திக்கொண்டிருந்தாள்.

"பந்தலை இன்னும் பிரிக்கலையேம்மா" என்றார் கொக்கு. "வாரியம் தானாப் பிரிக்க விதி இல்லை. பயனாளி விண்ணப்பம் கொடுத்தாத்தான் பிரிக்கலாம்."

"எத்தனை பக்கம் சார் அந்தப் படிவம்?"

"பதினாலு. மூணு நகல், பச்சைக் கையெழுத்து."

"எனக்கு எழுத்து அவ்வளவா வராது சார்" என்றாள் ராக்காயி. "சாவகாசமாக் குடுக்குறேன். நீங்க ஒரு ஓரமா ஒதுங்கி நில்லுங்க, பிள்ளைக பாடி வருது."

நீதி: பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டுமென்றால், நிதி கொடுக்க வருகிற பெரியவரின் தலை நனையாமல் நல்ல பந்தலாகப் போடச் சொல்லுங்கள், அதைப் பிரிப்பதற்கு மட்டும் விண்ணப்பம் கொடுத்துவிடாதீர்கள்.